மச்சக்கா குரலில்லாமல் வாசித்த கவிதை

முதலில் மச்சக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று மேடையில் நடந்தது யாருக்கும் விளங்காது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு இன்னும் விளங்கவில்லை. மைக் கெட்டுப்போய்விட்டது என்றுதான் வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

மச்சக்கா விசைத்தறி ஓட்டுகிறவர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். கீழுதட்டின் ஓரத்தில் மிளகு ஒட்டியது போல ஒரு மச்சம். தறி ஓடுகிற ஷெட்டுக்குள் அந்தச் சத்தத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது என்பதால் ஆளுக்கொரு சைகை வைத்திருக்கிறார்கள். உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டினால் மச்சக்கா. விரல்களை வளைத்துக் கண்ணில் வைத்தால் கண்ணாடிக்காரி. மணிக்கட்டைத் திருகினால் ஸ்பேனர் அண்ணன். அவர் தறி மெக்கானிக், மச்சக்காவின் வீட்டுக்காரர். இந்தச் சைகைகளே வெளியிலும் பெயராகிவிட்டன. ரேஷன் கடையில் உண்மையான பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்களாம்.

அந்த ஷெட்டுக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன். கதவைத் திறந்ததும் சத்தம் காதில் விழவில்லை, நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. வரிசை வரிசையாகத் தறிகள். ஒவ்வொன்றிலும் குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது, திரும்புகிறது. தரை நடுங்குகிறது. பஞ்சுத் தூசி புருவத்தில் ஒட்டுகிறது. பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டாலேயே பேசுகிறார்கள். வாயை நிதானமாக, பெரிதாகத் திறந்து மூடி, குரலே இல்லாமல். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தொண்டை தானாக ஓய்ந்துவிடும். எதிர் வரிசையில் நிற்கிறவரோடு மாமியார் கதை, மகன் கதை, மாப்பிள்ளை வீட்டார் கதை எல்லாம் ஓடும். புதிதாக உள்ளே வருகிறவருக்கு, இத்தனை பேரும் எதையோ மென்றுகொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காதால் பேசும் இடத்தில் குரலைத் தாழ்த்தி ரகசியம் சொல்லலாம். உதட்டால் பேசும் இடத்தில் யார் வேண்டுமானாலும் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். அதனால் ஷெட்டில் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் மூன்றாவது ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். துணியைப் பார்க்கலாம், கூரையைப் பார்க்கலாம், அந்த உதடுகளைப் பார்க்கக் கூடாது. மீறிப் பார்க்கிறவருக்கு ‘திருட்டுக் கண்ணு’ என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டம் லேசில் போகாது. புருஷன் பெண்டாட்டி பேச்சென்றால் இன்னும் கறார். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாலே போதும், நடுவில் இருக்கிற தறிக்காரர்கள் எல்லாரும் காற்றடித்த பயிர் மாதிரி வேறு பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் கவிதை கட்டினார் என்பதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. எழுதி அல்ல. இரண்டு கையும் தறியில் இருக்கும்போது எதை எழுதுவது? தறி அடிக்கிற அடிக்கு ஒரு சொல். இழை அறுந்தால் தறி நின்றுவிடும். நின்ற இடத்தில் வரியை முடித்துவிடுவார். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுவிட்டு, தறியை ஓட்டிவிட்டு, அடுத்த வரி. அதனால் மச்சக்காவின் கவிதைகளில் ஒரு வரி மிக நீளமாகவும் அடுத்தது ஒரே சொல்லாகவும் இருக்கும். அது என்ன யாப்பு என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் ஆராய்ச்சியே பண்ணினார். நூல் தரமில்லாத நாளில் வரி குட்டையாகிவிடும், அவ்வளவுதான் என்று மச்சக்கா சொல்லிவிட்டார்.

கட்டிய வரியை உடனே சொல்லிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. எதிர்த் தறியில் நாத்தனார் இருந்தார். ஸ்பேனர் அண்ணனின் தங்கை. மச்சக்கா கல்யாணமாகி வந்தபோது அவர் பாவாடை சட்டை போட்ட பெண். அன்று ‘பாப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்தவர் இன்றுவரை மாற்றவில்லை. பாப்பாவுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. நாத்தனாரின் வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறவர், வாரக்கணக்கில் வெளியூர். அதனால் அண்ணன் வீட்டை ஒட்டியே ஒரு பகுதியில் குடியிருந்தார். வேலையிலும் எதிரெதிர், வீட்டிலும் பக்கத்துப் பக்கம். மச்சக்கா ஒரு வரியை உதட்டில் சொல்வார். நாத்தனார் பார்ப்பார். பிடித்தால் தலையாட்டல். பிடிக்காவிட்டால் மூக்கைச் சுளிப்பார். மூக்கைச் சுளித்தால் அந்த வரி செத்தது என்று அர்த்தம். ஒருநாள் மூன்று தடவை சுளித்தாராம். மதியச் சாப்பாட்டில் மச்சக்கா கேட்டிருக்கிறார், “ஏன் பாப்பா, இவ்வளவு மோசமாவா இருக்கு?” அதற்கு நாத்தனார், “இல்ல அண்ணி, மூக்குல தூசி” என்றிருக்கிறார். நல்ல வரிகள் மூன்று தூசியில் போச்சு என்று மச்சக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

மச்சக்காவின் கவிதை எதுவும் அந்தக் கண்களைத் தாண்டாமல் உலகத்துக்கு வந்ததில்லை. உலகம் என்று இருந்ததே அந்தக் கண்கள்தான்.

பிறகு அந்த நாள் வந்தது. ஸ்பேனர் அண்ணன் மோட்டார் பக்கம், ஷெட்டின் கடைசியில் நின்றிருந்தார். அங்கிருந்து கையை உயர்த்தி மனைவியைக் கூப்பிட்டார். மச்சக்கா குனிந்திருந்தார். துணியில் கண், உதட்டில் ஒரு வரி. அவர் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற நாத்தனார் அண்ணன் கையை உயர்த்துவதைப் பார்த்தார். அண்ணிக்கு ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து, வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பிய பிறகு ஸ்பேனர் அண்ணனின் உதடு என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் நூல் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

இழவு வீட்டில் நடந்ததுதான் இந்தக் கதையின் முள். முன்னறையில் உடல். சுற்றி அழுகிற கூட்டம். நாத்தனார் ஒரு மூலையில் சுவரில் சாய்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம் கண்ணாடிக்காரி. நாத்தனார் அழுதுகொண்டே அவரிடம் உதட்டால் சொன்னார்: “எங்கண்ணன் கூப்பிட்டான். அவ நிமிர்ந்தே பார்க்கல. பாட்டு கட்டிட்டிருந்தா.” வெளி ஆட்கள் நிறைந்த வீட்டில் யாருக்கும் கேட்காது என்று அவர் நினைத்திருப்பார். யாருக்கும் கேட்கவும் இல்லை. ஆனால் சரியாக அந்த நேரம் மச்சக்கா தலையைத் தூக்கினார். முழுசாகப் பார்த்துவிட்டார்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் பார்த்துவிட்டதை நாத்தனாரும் பார்த்தார்.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு முகம் பார்க்காமல் இருப்பது கோபத்தின் ஓர் அடையாளம், அவ்வளவே. பேச்சு எப்படியாவது காதில் விழுந்துவிடும். அவர்களுக்கு அப்படியில்லை. பார்க்காவிட்டால் பேச்சே இல்லை. கதவைத் தாழ் போட்ட மாதிரி. நாத்தனார் மேற்பார்வையாளரிடம் கேட்டு வேறு வரிசைக்குத் தறி மாற்றிக்கொண்டார். வீட்டில் குழம்புக் கிண்ணம் நடுச்சுவரைத் தாண்டிப் போகும், வரும். முகம் மட்டும் போகாது. காய்ச்சல் என்றால் மாத்திரை வாசலில் இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. இதில் நாத்தனாரின் காது வேறு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தறி எல்லார் காதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், சிலருடையதை முழுசாகத் தின்றுவிடும். வீட்டிலும் அவருக்கு உதடுதான் கதி என்றாகிவிட்டது. அவருக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற உதடு உலகத்திலேயே ஒன்றுதான். அதை அவர் பார்ப்பதில்லை.

மச்சக்கா கவிதை கட்டுவதை நிறுத்திவிட்டார். வரி வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாராம். சில வருடங்கள் அப்படியே போயின.

எங்கள் வாசகர் வட்டத்தை நடத்துகிறவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மற்ற கடைகள் தள்ளுபடி எழுதி வைக்கும் பலகையில் இவர் தினம் ஒரு கவிதை எழுதி வைப்பார். பெரும்பாலும் அவர் எழுதியது. மச்சக்கா முட்டிவலி மாத்திரை வாங்க வந்தவர், ஒருநாள் அந்தப் பலகை முன்னால் நின்று உதட்டசைத்து வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைய கவிதை தூக்கம் வராத ஒருவனைப் பற்றியது. யார் எழுதியது என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் அடக்கமாக, ஒரு ஆள் என்றார்.

“பாவம். மாத்திரை உங்ககிட்டயே இருக்கு, அந்த ஆளுக்கு ரெண்டு குடுத்திருக்கலாமே.”

எங்கள் மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லையாம். பேச்சு வளர்ந்தது. தானும் ஒரு காலத்தில் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டிருந்ததாக மச்சக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஒன்று சொல்லுங்கள் என்று இவர் விடவில்லை. அவர் சொன்னது இது:

மத்தியானம் கரண்டு போச்சு.
முதல் தடவையா
எங்க இருமல்
எங்களுக்குக் கேட்டுச்சு.

மறுநாள் பலகையில் அது ஏறியது. நான் அந்தத் தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன், இறங்கி நின்றுவிட்டேன். அவ்வளவு எளிய வரிகள். யார் இவர் என்று நான் கேட்க, அவர் சொல்ல, அடுத்த மாதக் கூட்டத்தில் மச்சக்காவை வாசிக்க வைப்பது என்று முடிவாகிவிட்டது. அவரைக் கேட்காமலேயே. கேட்டபோது முடியவே முடியாது என்றுவிட்டார். மேடை, மைக், கூட்டம் எல்லாம் தனக்கு ஆகாது என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இறங்கியவர் நின்று ஒரு கேள்வி கேட்டார்.

“வாசிக்கறப்ப கேட்கிறவங்க எங்க பார்ப்பாங்க?”

“உங்களைத்தான் பார்ப்பாங்க” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“மூஞ்சியவா?”

“பின்ன, முதுகையா?”

“வந்தவங்க எல்லாருமா?”

“தூங்காம இருந்தா எல்லாரும்.”

மச்சக்கா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “அப்ப வர்றேன்” என்றார்.

அவர் சொல்லச் சொல்லப் பழைய கவிதைகளை எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாக விழுந்தது. ஷெட்டுக்கு வாரவிடுமுறை நாட்களில் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதினேன். சுவரில் ஸ்பேனர் அண்ணனின் படம். அதன் கீழே அவருடைய கருவிப் பெட்டி, துடைத்து வைத்தது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும், மச்சக்கா ஒரு நொடி நிறுத்துவார், மறுபடி சொல்வார். கடைசியாக ஒன்று இருக்கிறது, அதை எழுத வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னார். அழாமல் சொன்னார். நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

“அவ சொன்னதுல பொய்யில்ல. நான் நிமிரலைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க தம்பி. அவர் கை தூக்குனதைப் பார்த்தவ, என்ன சொன்னார்னு பார்த்திருந்தா சும்மா நின்னிருப்பாளா? தறியைத் தாண்டிக் குதிச்சிருப்பா. பார்க்கல. மரியாதையா திரும்பிக்கிட்டா. அது அவளுக்குத் தெரியும். அன்னிக்கு அவ என்னைத் திட்டல. என் மேல பழியைப் போட்டுத் தன்னைத்தான் திட்டிக்கிட்டா.”

இதை நேரிலேயே சொல்லலாமே என்று கேட்டுவிட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

“எப்படிச் சொல்ல? அவ பார்க்கணுமே” என்றார்.

எழுதிக் கொடுக்கலாம் என்றேன். தாளில் எழுதினால் அது யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், தன் வாய் அதில் இருக்காது என்றார். பாப்பாவுக்குத் தன் வாய்தான் தெரியும். கூட்டத்தில் எல்லாரும் பார்க்கும்போது அவளும் ஒரு தடவையாவது பார்த்துவிட மாட்டாளா என்பதுதான் மச்சக்காவின் நம்பிக்கை முழுவதும். அதற்காகத்தான் மேடை ஏறுகிறார். கவிஞர் என்று பேர் வாங்க அல்ல.

ஆனால் நாத்தனார் வரவேண்டுமே. அந்தப் பொறுப்பைக் கண்ணாடிக்காரி எடுத்துக்கொண்டார். அவ பேச்சை நான் பார்க்கிறதில்லை என்று நாத்தனார் கறாராகச் சொல்லியிருக்கிறார். நீ பார்க்க வேண்டாம், உன் பாட்டுக்கு உட்கார்ந்திரு, டீயும் பிஸ்கட்டும் தருவாங்க, ஃபேன் ஓடும், வீட்டுல இருந்து சுவத்தைப் பார்க்கிறதுக்கு அது தேவலாம் என்று கண்ணாடிக்காரி மல்லுக்கு நின்றிருக்கிறார். கடைசியில் எது வேலை செய்தது என்று தெரியவில்லை. பிஸ்கட் என்றுதான் கண்ணாடிக்காரி அடித்துச் சொல்கிறார்.

கூட்டம் நூலகத்தின் மாடியில். வழக்கமாக நாற்காலிகள்தான் கூட்டம், ஆட்கள் விருந்தாளிகள். அன்று விடுமுறை என்பதால் ஷெட்டே திரண்டு வந்துவிட்டது. முன் வரிசைகள் முழுக்க அவர்கள். பின்னால் எங்கள் வட்டத்து ஆட்கள். இரண்டாவது வரிசை ஓரத்தில், வாசலுக்குப் பக்கமாக நாத்தனார். மடியில் பை. கண் பையின் மேல். மச்சக்கா மேடை ஏறினார். வெளுத்த நீலப் புடவை, எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை. முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்த்தார். நாத்தனார் நிமிரவில்லை.

மருந்துக்கடைக்காரர் அறிமுக உரை என்ற பெயரில் நீளமாக ஒன்று பேசினார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் நீளம். பிறகு மச்சக்கா மைக்குக்கு முன்னால் வந்து முதல் கவிதையைத் தொடங்கினார். உடனே முன் வரிசைகளில் சலசலப்பு. எல்லாரும் கையை ஆட்டுகிறார்கள், வாயைக் காட்டுகிறார்கள். சத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய் ஒலியைக் கூட்டினார். மைக் கீச்சென்று அலறியது. பின் வரிசைகளில் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். முன் வரிசைகளில் ஒருத்தர்கூட அசையவில்லை. அவர்களுக்கு அந்த அலறலே போய்ச் சேரவில்லை. எத்தனை வருடச் சத்தம் அந்தக் காதுகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடிக்காரி எழுந்து மேடைக்கே போய் மைக்கைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். மைக் மச்சக்காவின் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதன் பிறகு கூட்டம் களைகட்டிவிட்டது. மச்சக்கா குரலாலும் வாசித்தார், உதட்டைப் பெரிதாகத் திறந்து உதட்டாலும் வாசித்தார். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில். மின்சாரம் போன கவிதைக்கு முன் வரிசையில் யாரும் கைதட்டவில்லை, ஆளாளுக்கு இருமிக் காட்டினார்கள். அதுதான் அவர்கள் பாராட்டு. அடுத்து இதை வாசித்தார்:

கூலி ஏத்திக் கேட்டோம்.
முதலாளி
காதுல விழலைன்னாரு.
அவரு எந்தத் தறி ஓட்டுனாரு
காது போறதுக்கு?

முன்னால் ஒரே சிரிப்பு. பின்னாலும் சிரிப்பு. நான் ஒவ்வொரு கவிதை முடிந்ததும் நாத்தனாரைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துக் குலுங்கும்போது அவர் தோளும் லேசாக அசைந்தது, ஆனால் கண் பையை விட்டு எழவில்லை. டீ கொடுத்தார்கள். வாங்கி, பாலாடை படிய விட்டு, அப்படியே கையில் வைத்திருந்தார். மச்சக்காவும் ஒவ்வொரு கவிதைக்குப் பிறகும் அந்த ஓரத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. கையில் நான் எழுதித் தந்த தாள்கள் தீர்ந்தன. கடைசித் தாளைப் பின்னால் செருகினார். எழுதாத கவிதை ஒன்றுதான் பாக்கி.

மச்சக்கா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மைக்தான் என்று முதலில் நானும் நினைத்தேன். பின்னாலிருந்து ஒருவர் கேட்கவில்லை என்றார். இன்னொருவர் வயரைப் பாருங்கள் என்றார். மச்சக்கா நிறுத்தவில்லை. உதடு நிதானமாக, பெரிதாக, அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் என்னிடம் சொன்னார், குரல் நின்றுவிட்டது தனக்கே தெரியாதாம். பாப்பாவிடம் ஒருநாளும் எந்த வரியையும் குரல் கொடுத்துச் சொன்னதில்லை. அவளுக்கான வரி வந்ததும் தொண்டை அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

முன் வரிசைகள் பார்த்துக்கொண்டிருந்தன. முதல் இரண்டு மூன்று சொல்லிலேயே அது யாருக்கு என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும். கண்ணாடிக்காரி மெல்லத் தலை குனிந்தார். பக்கத்தில் இருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். அடுத்தவர் கூரையைப் பார்த்தார். அப்படியே ஒவ்வொருவராக, வரிசை வரிசையாக, ஷெட்டு ஆட்கள் அத்தனை பேரும் மேடையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கவிஞர் வாசித்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் பாதி முகம் திருப்புகிறது. எங்கள் ஆட்கள் சிலருக்கு அது அவமரியாதையாகத் தெரிந்தது. முன் வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர் பதறிப்போய் வயரை நோக்கி எழுந்தார். கண்ணாடிக்காரி குனிந்த தலை நிமிராமலே அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“திரும்பிக்கங்க சார். அது நமக்கில்ல.”

நாத்தனார் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் எதுவும் அவருக்குப் போயிருக்காது. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் முழங்கால் திரும்பியதைப் பார்த்திருக்க வேண்டும். கடைக்கண்ணால் வலப்பக்கம் பார்த்தார். முன்னால் பார்த்தார். எங்கே பார்த்தாலும் திருப்பிய பிடரிகளும் குனிந்த தலைகளும். இத்தனை பேர் ஒன்றாகத் திரும்பினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் மேடையில் நிற்கிறார். இன்னொருவர் யார் என்று அவர் தேடினார். முன் வரிசைகளில் தன்னைத் தவிரத் திரும்பாத முகம் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்த அடுத்த நொடி நானும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு உதடு படிக்கத் தெரியாது, பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. இருந்தாலும் பார்க்க மனம் வரவில்லை. என் வரிசையிலும் ஒவ்வொருவராகத் தலை குனிவது தெரிந்தது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா, நான் கேட்கவில்லை. மாடி முழுக்க ஃபேன் சுற்றுகிற சத்தம். கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எவ்வளவு நேரம் போனதோ.

பிறகு ஒரு நாற்காலி தரையில் உரசியது. ஒரு குரல் வந்தது. காது கேளாதவர்களின் குரல், ஏற்ற இறக்கமில்லாமல், தேவைக்கு மேல் சத்தமாக.

“அண்ணி, கடைசியில என்ன சொன்ன? கண்ணு கலங்கிருச்சு, வாய் தெரியல. இன்னொரு தடவை சொல்லு.”

யாரும் திரும்பவில்லை. நிமிரவும் இல்லை. மறுபடி ஃபேன் சத்தம். மேடைப் பலகை கிறீச்சிட்டது. மச்சக்கா இறங்கி வருகிறார் என்று புரிந்தது. காலடி பக்கவாட்டில் போய் அந்த ஓரத்தில் நின்றது. அங்கே என்ன சொன்னார், நாத்தனார் என்ன பதில் சொன்னார், ஒன்றும் தெரியாது. கேட்டவர்கள் கிடையாது, பார்த்தவர்களும் கிடையாது. பின்னால் ஒருநாள் மச்சக்காவிடம் அந்தக் கவிதையைக் கேட்டேன். ஒரு தொகுப்பு போடலாம் என்று எனக்கு ஆசை. மற்றதெல்லாம் எடுத்துக்கோங்க தம்பி, அது பாப்பாவோடது, அவளைக் கேளுங்க என்றார். நாத்தனாரைக் கேட்டேன், எழுதிக் காட்டி. மூக்கைச் சுளித்தார். நான் மேலே கேட்கவில்லை.

கூட்டம் அதற்குப் பிறகு தானாகக் கலைந்தது. மருந்துக்கடைக்காரர் நன்றியுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் செய்த மிகச் சிறந்த இலக்கியப் பணி அதுதான் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். நாற்காலிகளை அடுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தபோது சாயங்கால வெயில் தெருவில் சாய்ந்து கிடந்தது. இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மச்சக்கா பேசிக்கொண்டே வந்தார். எத்தனை வருடப் பேச்சு பாக்கி இருந்ததோ, வாய் மூடவில்லை. நாத்தனார் அந்த உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிரே பார்க்கவே இல்லை. சைக்கிள் வந்தது, கம்பம் வந்தது, தள்ளுவண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் மச்சக்கா அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டார், பேச்சை நிறுத்தாமலேயே.